கிரிப்பின் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தது?

குத்துச்சண்டை பழகுகிற யாரோடு கதைத்தாலும் கதை கடைசியில் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடுவது, பின் என்ன, இரவில் சோறு சரிவருமா, முட்டை எத்தனை? இதெல்லாம் புரோட்டீன் பவுடரோடு வந்த கேள்விகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 200 வருசத்துக்கு முன்னமே இங்கிலாந்தில் ஒரு குத்துச்சண்டைக்காரருக்கு நேரம் குறித்து, அளவு குறித்து சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அந்த முறை 1813இல் புத்தகமாகவும் வந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கதைதான் எங்களை இதை எழுத வைத்தது.

அது கையுறை இல்லாமல் வெறுங்கையால் குத்திக்கொண்ட காலம். 1810 டிசம்பர் 18ஆம் திகதி சம்பியன் டொம் கிரிப்போடு டொம் மொலினோ மோதினார். கிரிப் நிலக்கரி சுமந்து பிழைத்தவர். மொலினோ ஒரு கறுப்பின அமெரிக்கர். அடிமையாகப் பிறந்து விடுதலையாகி லண்டனுக்கு வந்தவர் என்று சொல்வார்கள். அவரைப் பழக்கிய பில் ரிச்மண்டும் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்தவர்தான். மழைக்குள் 30 சுற்றுக்கு மேல் போன சண்டையில் கிரிப் தோற்கிற நிலைக்கே வந்துவிட்டார். கூட்டம் வளையத்துக்குள் புகுந்தது, கிரிப்புக்கு மூச்சு வாங்க விதியை மீறி நேரம் கிடைத்தது என்றெல்லாம் அப்பவே முறைப்பாடு எழுந்தது. எப்படியோ கிரிப் வென்றார். மறுசண்டை 1811 செப்டம்பர் 28ஆம் திகதி நடந்தது.

இந்த இரண்டாவது சண்டைக்குத்தான் கப்டன் பார்க்ளே உள்ளே வருகிறார். ஸ்கொட்லாந்தில் பெரிய நிலச்சொந்தக்காரர். 1809இல் 1000 மணித்தியாலத்தில் 1000 மைல் நடந்து பேர் எடுத்தவர். கிரிப்பைத் தன் ஊரி பண்ணைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜூலை 7ஆம் திகதி அங்கே போய் இறங்கியபோது கிரிப்பின் நிறை 224 இறாத்தல். மேடை ஏறும்போது 187 இறாத்தல் அளவில்தான் இருந்தார். கிலோவில் சொன்னால் 17 போல குறைந்திருக்கிறது.

பார்க்ளேயின் முறையை வோல்ட்டர் தொம் என்பவர் 'பெடெஸ்ட்ரியனிசம்' என்ற புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதலில் பேதி மருந்து, சில நாள் இடைவெளி விட்டு மூன்று தரம். பிறகு காலை 5 மணிக்கு எழும்பி மேட்டில் அரை மைல் ஓட்டம், 6 மைல் நடை. 7 மணிக்குக் காலைச் சாப்பாடு: அரைவேக்காட்டு மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, பழைய பாண், பழைய பியர். திரும்பவும் நடை. 4 மணிக்கு அதே சாப்பாடு. அதற்குப் பிறகும் ஓட்டம், நடை, இரவு 8 மணிக்குப் படுக்கை. இடைத்தீனி என்று ஒன்றே கிடையாது. மரக்கறி, கரட், உருளைக்கிழங்கு, மீன், பட்டர், சீஸ், பால், சூப் எல்லாமே தடை. தண்ணியைத் தனியாகக் குடிக்கக் கூடாது. பியரும் நாளைக்கு 1.7 லீற்றருக்கு மேல் இல்லை.

இதில் எங்களுக்குப் பிடித்த பகுதி வியர்வைக் கசாயம். தடித்த கம்பளி உடுப்போடு 4 மைல் ஓடி வந்த ஆளுக்குக் கொத்தமல்லி, அதிமதுரம், சீமைச் சீரகம், கற்கண்டு போட்டு அப்பிள் மதுவில் பாதியாக வற்றக் காய்ச்சிய ஒரு பானம் கொடுப்பார்கள். பிறகு போர்வைக்கு மேல் போர்வை போட்டு மூடி வைப்பார்கள். தடிமன் வந்தால் அம்மம்மா மல்லி அவிச்சுத் தந்து போர்த்திவிடுகிற மாதிரியேதான், அந்த மது மட்டும் எங்கட வீடுகளில் கிடையாது.

இன்றைக்கு இருக்கிற அறிவில் பார்த்தால் இந்தப் பட்டியலில் பாதி பிழை. உடம்பு தண்ணியைத்தான் இழக்கிறது, கொழுப்பை இல்லை. தண்ணியை அடக்கிக்கொண்டு ஓடினால் வெக்கையில் மயங்கி விழலாம். பயிற்சிக்கு 1 முதல் 4 மணித்தியாலம் முன்னர் மாச்சத்துள்ள சாப்பாடு வேணும், ஒரு நாளைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேணும் என்பதுதான் இப்போதைய விளையாட்டு உணவியலின் பொது வழிகாட்டல். 60 கிலோ உள்ளவருக்கு அது 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுதான் இருக்கிறது. மிச்சத்துக்கு மீன், பருப்பு, அவிச்ச கடலை, பயறு. மத்தியானம் 1 மணிக்குச் சோறு சாப்பிட்டவர் 5 மணிப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, இவ்வளவு பிழையான சாப்பாட்டோடு கிரிப் எப்படி வென்றார்? எங்களுடைய பதில் இதுதான்: தட்டில் என்ன இருந்தது என்பதைவிட, அது 11 வாரத்துக்கு மேல் தவறாமல் நேரத்துக்கு வந்தது என்பதுதான் பெரிய விசயம். சாப்பாடு, படுக்கை, நாளைக்கு 18, 20 மைல் வரை நடை, பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர். அந்த நாட்களில் கிரிப் உழைக்கத் தேவையில்லை. பார்க்ளேயும் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. கிரிப்பின் மேல் பந்தயம் கட்டி 10,000 பவுண் வென்றார் என்று சொல்லப்படுகிறது.

மொலினோவுக்கு அப்படி ஒரு பண்ணை கிடைக்கவில்லை. மே மாதம் இன்னொரு சண்டை பிடித்தார். பிறகு ஊர் ஊராகப் போய்க் காட்சிக்குக் குத்திக் காட்டிச் சம்பாதித்தார். அப்படி அலைகிறவர் போன இடத்தில் கிடைத்ததைத்தான் சாப்பிட்டிருப்பார். ஆனால் குத்துச்சண்டை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே கதையைத்தான்: சண்டையன்று காலை அவர் அவித்த முழுக் கோழி ஒன்றையும் அப்பிள் பை ஒன்றையும் சாப்பிட்டு, ஒரு பெரிய கோப்பை பியரும் குடித்தாராம். உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் வயிறு பாரமாக இருந்திருக்கும், இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் அது செமிக்காது. ஆனால் கதை சொல்கிறவர்கள் அதை வயிற்றின் விசயமாகச் சொல்வதில்லை. கட்டுப்பாடு இல்லாத கறுப்பன் என்ற குரல்தான் அதில் கேட்கிறது. மற்றப் பக்கத்தில் ஒரு பணக்காரரின் குசினி ஓடிக்கொண்டிருந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

சண்டை 20 நிமிசம்கூடப் போகவில்லை. 9ஆம் சுற்றில் மொலினோவின் தாடை உடைந்தது, 11ஆம் சுற்றோடு எல்லாம் முடிந்தது. கிரிப் பின்னாளில் நடத்திய மதுக்கடை லண்டனின் பன்ரன் வீதியில் அவருடைய பெயரோடு நிற்கிறது. மொலினோ 1818இல் அயர்லாந்தின் கோல்வே நகரத்தில் வறுமையில் செத்துப்போனார். வயது 34.