எழுதி வைக்காத ஆடலும் மாரியுஸ் பெட்டிப்பாவும்

1847-ஆம் ஆண்டில் ருஷியத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் பிரெஞ்சு நடனக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 29. மார்சேய் நகரில் 1818-இல் நடனக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பிரசல்ஸ், போர்தோ, மாட்ரிட் என ஊர் ஊராய் ஆடிப் பிழைத்தவர். மாரியுஸ் பெட்டிப்பா என்னும் அவர் அறுபது ஆண்டுகள் ருஷியாவில் வாழ்ந்தார். ருஷிய மொழி மட்டும் அவருக்குக் கடைசிவரை சரியாகப் படியவில்லை.

பாலே என்பது பேச்சின்றி இசையாலும் உடலசைவாலும் கதை சொல்லும் ஐரோப்பிய ஆடல். அதற்கு நடனம் அமைப்பவர் நம் நட்டுவனாரின் பணியையும் நாடக ஆசிரியரின் பணியையும் ஒருங்கே செய்பவர் எனலாம். ருஷியாவில் அரங்குகள் ஜார் மன்னரின் அரசவைக்கு உட்பட்டிருந்தமையால் நடன ஆசிரியரும் அரசு ஊழியரே. பெட்டிப்பா முதலில் ஆட்டக்காரராகவே அமர்ந்தார். 1862-இல் அவர் அமைத்த 'பாரோவின் மகள்' ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்த பெருங்கூத்து. அவ்வெற்றியின் பயனாக இரண்டாம் நடன ஆசிரியராக உயர்ந்தார். 1871-இல் தலைமை ஆசிரியரானார்.

தமிழர்க்குச் சற்றே உறவுடைய படைப்பும் ஒன்று உண்டு. 1838-இல் புதுச்சேரி வழியாகத் தமிழ்நாட்டுத் தேவதாசியர் சிலர் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே ஆடினர். அதைக் கண்டு வியந்து எழுதியவருள் தியோபில் கோத்தியே என்னும் எழுத்தாளரும் ஒருவர். அவர் பின்னர்ச் சகுந்தலை கதையைப் பாலேக்கென எழுதித் தர, 1858-இல் பாரிசில் அதற்கு நடனம் அமைத்தவர் மாரியுசின் அண்ணன் லூசியன் பெட்டிப்பா. 1877-இல் தம்பி பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயடேர்' என்னும் பாலேயை மேடையேற்றினார். 'ஆடுபவள்' என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். நிக்கியா என்ற கோயில் நடனமாது, சோலோர் என்ற வீரன், அவனை மணக்கவிருக்கும் அரசகுமாரி, பூக்கூடைக்குள் மறைத்த பாம்பு என்று கதை செல்லும். நம் ஆடல் மரபின் அடவோ முத்திரையோ அதில் இல்லை. அது ஐரோப்பியர் கனவில் கண்ட இந்தியா. அதை இந்தியாவின் படம் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அதன் 'நிழலுலக'க் காட்சியைக் குறைத்துப் பேச யாராலும் இயலாது. வெள்ளாடை உடுத்திய பெண்கள் சரிவான மேடைவழியே ஒருவர்பின் ஒருவராய், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு இறங்குவர். முதலில் ஒருத்தி, பின் இருவர், பின் மூவர். இக்காலத்தில் 24 பேரோ 32 பேரோ இறங்கி முடிக்கும்வரை கதை ஓரடியும் நகர்வதில்லை. பார்ப்பவர் கண்ணை எடுப்பதுமில்லை.

அவர் வேலை செய்த முறை தனி. வீட்டில் காகிதக்கூழ்ப் பொம்மைகளை மேசைமீது நகர்த்தி நகர்த்திப் பார்த்துக் கூட்ட நடனங்களை முடிவு செய்துகொள்வார். இசையமைப்பவருக்கு இத்தனை அளவு இசை வேண்டும், இவ்விடத்தில் இன்ன உணர்ச்சி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். 1890-இல் அரங்கேறிய 'உறங்கும் அழகி'க்குச் சைக்கோவ்ஸ்கி இவ்வாறு பெற்ற குறிப்புகளின்படியே இசை அமைத்தார். அத்தகைய கட்டளை பெருங்கலைஞர் ஒருவரைச் சிறுமைப்படுத்தும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிறந்த இசையைக் கேட்டால் அந்நினைப்பு நில்லாது. 1892-இல் 'கொட்டை உடைப்பான்' தயாரானபோது பெட்டிப்பா நோயுற்றமையால் அவருடைய துணைவர் லெவ் இவானோவே நடனம் அமைத்தார். 1895-இன் 'அன்ன ஏரி'யிலும் உலகம் போற்றும் ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவினுடையவை. புகழில் பெரும்பங்கு மூத்தவருக்கே போய்விட்டது, இது நேர்மையன்று.

இனி வருவதே அவர் வரலாற்றில் வியப்பான பகுதி. விளாதிமிர் ஸ்தெபானோவ் என்ற இளைஞர் ஆட்டத்தை இசைக்குறி போலத் தாளில் எழுதும் முறையைக் கண்டு, 1892-இல் பாரிசில் நூலாக வெளியிட்டார். பெட்டிப்பா அதை வரவேற்கவில்லை. திறமையுள்ள ஆசிரியன் பழைய பாலேயை எடுத்தால் தன் கற்பனைக்கும் தன் காலத்தார் சுவைக்கும் ஏற்பப் புதிதாகவே அமைப்பான். முன்னோர் செய்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க மாட்டான் என்பது அவர் கருத்து. ஸ்தெபானோவ் 1896-இல் இளமையிலேயே மறைந்தார். எழுதும் வேலையோ நிற்காமல் நடந்தது.

முதுமை அவருக்கு இனிக்கவில்லை. 1901-இல் பொறுப்பேற்ற அரங்க இயக்குநர் தெல்யக்கோவ்ஸ்கி புதியன விரும்பியவர். 1903-இல் 'மாயக் கண்ணாடி' தோல்வியுற்றது. சம்பளம் நின்றுவிடவில்லை; ஆனால் அரங்கில் அவர் சொல் செல்லாமற் போயிற்று. 1906-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதில் மனக்கசப்பு மறைவாக இல்லை. பின் கிரிமியாவிலுள்ள குர்சுப்புக்குச் சென்று, 1910 ஜூலையில் 92-ஆம் வயதில் காலமானார்.

1917 புரட்சிக்குப் பின் நிக்கோலாய் செர்கேயெவ் என்பவர் அவ்வெழுத்துச் சுவடிகளை எடுத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினார். லண்டனில் 1921-இல் 'உறங்கும் அழகி' மேடையேறியது அவற்றின் துணைகொண்டே. 1934-இல் நினெட் டி வலுவா தம் இளங்குழுவுக்கு 'அன்ன ஏரி'யைப் பெற்றதும் செர்கேயெவின் கையிலிருந்துதான். பின்னாளில் ராயல் பாலே எனப் பெயர் பெற்ற அக்குழு தழைத்தது, பெட்டிப்பா வேண்டாவெனத் தள்ளிய தாள்களின்மேலே. 1951-இல் செர்கேயெவ் இறந்தபின் சுவடிகள் கைமாறி, 1969-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தன.

1999-இல் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கு அச்சுவடிகளைக் கொண்டு 1890-இன் 'உறங்கும் அழகி'யைப் பழைய உடை, பழைய திரைகளோடு மீட்டு அமைத்தது. அங்கே 1952 முதல் ஆடிவந்தது வேறோர் ஆசிரியர் தம் காலத்துக்கு ஏற்பத் திருத்திய அமைப்பு. மீட்டதை வியந்தவர் பலர். இது எங்கள் 'உறங்கும் அழகி' அன்று என்று முகம் சுளித்தவரும் அவ்வரங்கிலேயே இருந்தனர். சில ஆண்டுகளில் 1952-இன் அமைப்பே அங்கு மீண்டும் வழக்கமாயிற்று.