கூலிக் காசு யார் மடியிலிருந்து?

"அரசாங்கத்துக்கிட்ட ஏது அம்புட்டுப் பணம்?" நூறு நாள் வேலையைப் பற்றி வாயெடுத்தால் பழங்காநத்தம் டீக்கடையில் முதலில் வந்து விழுகிற கேள்வி இது. கேட்கிறவர் மாசச் சம்பளக்காரர். கேள்விக்கோ நூற்றைம்பது வருச வயசு.

தாது வருசப் பஞ்சம். 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச வேலைக்குப் போன ஆணுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். சிக்கனம் பண்ணத்தான் வைஸ்ராய் லிட்டன் அவரை அனுப்பினார். அந்தக் கூலியில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். அடுத்த பஞ்சத்துக்கென்று 1878-ல் வரியும் போட்டார்கள். அந்தப் பணம் ஆப்கன் போருக்குப் போகிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. சண்டைக்கு இருந்த காசு சோத்துக்கு இல்லை.

மகாராஷ்டிரம் வேறு வழி கண்டது. 1972 வறட்சியில் தொடங்கிய வேலை உறுதித் திட்டத்துக்காக 1975-ல் தொழில் வரி கொண்டுவந்தார்கள். நகரத்துச் சம்பளக்காரனும் வியாபாரியும் கட்டிய வரி, கிராமத்தில் கல் உடைத்தவருக்குக் கூலியானது. வசூலுக்குச் சமமாக மாநில அரசும் பணம் போட்டது. 1977-ல் அது சட்டமானது.

2005-ல் நாடு முழுமைக்கும் நூறு நாள் வேலைச் சட்டம். உடலுழைப்புக் கூலி மொத்தமும் மத்திய அரசின் பொறுப்பு. அன்றைக்கே "ஆள் கெடைக்கல, சோம்பேறியாயிட்டாங்க" என்ற புலம்பலும் கிளம்பியது. களையெடுக்கக் கூப்பிட்டால் "கூலி எம்புட்டு?" என்று சேரிப் பெண் திருப்பிக் கேட்டாள். புலம்பலின் அடி அதுதான்.

2021-ல் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று கூலிக் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்தது மத்திய அரசு. ஒரே கம்மாயில் மண் சுமந்தவர்களுக்குச் சாதிக்கொரு நாளில் கூலி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த வருசமே கைவிட்டார்கள்.

2025 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம். நாள் 125 ஆனது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது தர வேண்டும். விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை நிறுத்தம். கூலி பேசிக் கேட்கத் தெம்பிருக்கும் காலமே அதுதான். அந்த நேரம் பார்த்து மாற்று வேலையை மூடினால் லாபம் யாருக்கு?

எங்காத்தா மாடக்குளம் கம்மாய்ப் பாசனத்தில் நாத்து நட்டவள். வயலெல்லாம் பிளாட்டாகிவிட்டது. பழங்காநத்தம் மாநகராட்சிக்குள் இருப்பதால் அவளுக்கு நூறு நாள் அட்டையும் கிடையாது. 2022-ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைத் திட்டத்தை அறிவித்தது. அது முன்னோட்டம்தான், கேட்டால் கிடைக்கும் உரிமையில்லை.

பணம் எங்கே என்கிறீர்களா? மதுரை மாநகராட்சி தொழில் வரி வாங்குகிறது. வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் ஒருவரிடம் வாங்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டப் பிரிவு 276. 1988-ல் வைத்த வரம்பு. மாசம் லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கும் அதுதான் உச்சம். அரிசி விலை அன்றைக்கு நின்ற இடத்திலா நிற்கிறது?

அந்த வரம்பை உயர்த்து, வரும் காசை நகரத்துக் கூலிக்கென்று ஒதுக்கு என்று நாம் கேட்க வேண்டும். டீக்கடையிலும் இதையே சொல்லுங்கள்.