அர்ப்பியேரா
சிலி நாட்டுப் பெண்கள் சாக்குத்துணியின்மேல் கந்தல் துண்டுகளைத் தைத்து உருவாக்கும் படத்துணி. ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குச் சாக்குத்துணி என்றே பொருள். பாடகி வியோலெத்தா பார்ரா 1964இல் தம் அர்ப்பியேராக்களைப் பாரிசில் காட்சிக்கு வைத்தார். 1973இல் இராணுவம் ஆட்சியைப் பறித்த பின், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் தலைநகர் சந்தியாகோவில் கூடித் தைக்கத் தொடங்கினர். கத்தோலிக்கத் திருச்சபை துணைநின்றது. அவர்களின் துணிகளில் மேலே ஆந்தீசு மலையும் வெயிலும்; கீழே சிறைக்கதவு, பொதுக் கஞ்சிப்பானை, அன்புக்குரியவர்கள் எங்கே என்ற கேள்வி. காணாமற்போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. இக்கலையின் உயிர்நாடி அத்துண்டுகளில்தான். துணிகளை வெளிநாடுகளுக்கு மறைத்து அனுப்பி விற்ற பணத்தில் அடுப்பெரிந்தது. அதைவிடப் பெரிது, வீட்டுக்குள் தனியே அழுதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்விட்டுப் பேசியது. இராணுவ ஆட்சியாளர் பினோசேயின் அரசு இத்துணிகளை நாட்டுக்கு எதிரானவை என்று பழித்தது.