திருமாலையில் அணில்

ஸேதுபந்தனத்தை ஸ்ரீவால்மீகி பகவான் நாள்கணக்கோடு அருளிச்செய்கிறார்: முதல் நாள் 14 யோஜனை, பின்னர் 20, 21, 22, 23 என ஐந்து நாள்களில் 100 யோஜனை. அங்கு அணில் இல்லை. அதனைத் தொண்டரடிப்பொடியாழ்வாருடைய திருமாலையில், 27ஆம் பாசுரத்தில் காண்கிறோம்.

நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடும் அவ்வணிலுக்குச் 'சலம்' இல்லை, அதாவது வஞ்சனை இல்லை, என்பதே ஆழ்வார் கூறும் ஏற்றம். வானரங்கள் சுமக்கும் மலையோடு தன் மணலை ஒப்பிடும் நினைவும் அதற்கில்லை. அதனைப் போலவும் ஆகவில்லையே என்பது அவருடைய நைச்சியாநுஸந்தானம். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் புஷ்பகைங்கரியம் செய்தவர் அணிலை நாள்தோறும் கண்டிருப்பார்.

பெருமாள் திருக்கையால் தடவியருள, முதுகில் மூன்று வரிகள் விழுந்தன என்னும் வழக்கு பாசுரத்தில் இல்லை. மூவரி அணில் தென்னாட்டிலும் இலங்கையிலும் வாழ்வது. வடநாட்டில் பெரிதும் காணப்படுவது ஐவரி அணில். ஆதலால் அவ்வழக்கு தென்னாட்டு அணிலைக் கண்டவர் வாக்கிலே பிறந்ததாகக் கொள்ளலாம். இனிய வழக்கே, ஆயினும் அத்தடவலைக் கைங்கரியத்திற்குக் கூலியாகக் கொள்ளின் பாசுரத்தின் சுவை குன்றும். ஆழ்வார் காட்டும் அணில் ஒன்றும் பெற்றதாகச் சொல்லப்படவில்லை. கடலுக்கும் மணலுக்கும் இடையே ஓடுவதே அதன் தொழில்.