கரையிறங்கும் உரிமை

கப்பல் துறையை அடைந்துவிட்டது. சரக்குப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்குகின்றன. அவற்றைக் கடல் கடந்து கொணர்ந்த மனிதனோ இறங்க அனுமதியின்றி, மேல்தளத்தில் நின்று கரையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொருளுக்குத் திறக்கும் வாயில் மனிதனுக்கு மூடியிருப்பதேன்? இவ்வினாவின் விடை, சிறியதோர் அடையாள அட்டையின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

கடற்பணியாளர் சுற்றுலாப் பயணியுமல்லர், குடியேற வருபவருமல்லர். அடுத்து எத்துறை என்பதே சில வேளைகளில் அவருக்குத் தெரியாது. அவ்வாறிருக்க, ஒவ்வொரு நாட்டின் விசாவையும் முன்கூட்டியே பெறுவது எங்ஙனம்? இதனை உணர்ந்த பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம், 1958-ஆம் ஆண்டு ஜெனீவாவில் தனது 108-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் தன் மாலுமிகளுக்கு அடையாள ஆவணம் வழங்க வேண்டும். அதனை உடையவர்களைக் கப்பல் நிற்கும் நாள்களில் கரையிறங்கப் பிற நாடுகள் அனுமதிக்க வேண்டும். ஆவணம் எப்போதும் மாலுமியின் கையிலேயே இருக்க வேண்டும். இதுவே அதன் சாரம். 1961-இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆயின் 2001 செப்டம்பர் 11-க்குப் பின் உலகின் பார்வை மாறியது. கரையிறங்குபவர் விருந்தினரா, பகைவரா என்ற ஐயம் துறைமுகங்களில் குடிகொண்டது. அந்த அச்சத்தின் நிழலில் 2003 ஜூனில் 185-ஆம் உடன்படிக்கை பிறந்தது. விரல்ரேகையைக் குறியீடாக்கி அட்டையில் பதித்தல், அதனைச் சரிபார்க்க நாடுதோறும் மின்னணுத் தரவுத்தளம், வழங்கும் முறையை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் சார்பற்ற வகையில் மதிப்பிடுதல் என விதிகள் இறுகின. அதே வேளையில், கரையிறங்க விசா கேட்கலாகாது என்ற உறுதியும் அதில் இடம்பெற்றது. பிரான்சு, ஜோர்டான், நைஜீரியா ஆகியவை முதலில் ஏற்க, 2005 பிப்ரவரியில் அது செயலுக்கு வந்தது.

செயல்படுத்துவதில்தான் இடர்ப்பாடு எழுந்தது. உலகின் எல்லைச் சாவடிகள் சில்லு பொருத்திய கடவுச்சீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. விரல்ரேகைக் குறியீட்டைப் படிக்கும் கருவியோ பல துறைகளில் இல்லை. படிப்பாரற்ற அட்டையால் பயன் என்ன? ஆகவே 2016-இல் விதி திருத்தப்பட்டது. கடவுச்சீட்டில் உள்ளதுபோல் முக உருவம் சில்லில் பதியலாயிற்று. 2015 அக்டோபரில் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, 2020 பிப்ரவரியில் இப்புதிய அட்டையை வழங்கத் தொடங்கியது. முக அடையாளத்துடன் இதனை வழங்கும் முதல் நாடு என்ற பெருமையும் நமதென அரசு அறிவித்தது. நம் கடலோரக் குடும்பங்கள் நன்கறிந்த சி.டி.சி. பணிப் பதிவேடு, இவ்வட்டையோ ஆளை உறுதிப்படுத்தும் சான்று.

அடுத்த சில வாரங்களிலேயே கொள்ளைநோயால் துறைமுகங்கள் அடைபட்டன. அவ்வாண்டின் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் ஏறத்தாழ 4,00,000 மாலுமிகள் கப்பல்களிலேயே தவித்தனர். அவர்கள் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஏற்றுக்கொள்ளத்தான் கரையில்லை. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய நம் கடலோர் திருத்தூதுப் பணிக்கு அது நூற்றாண்டு. இறங்கி வர இயலாதோரைத் தேடிச் செல்லும் அப்பணியின் தேவையை அவ்வாண்டு மீண்டும் உணர்த்தியது.

இவ்வரலாற்றில் இரு கடமைகளைக் காண்கிறோம். தான் யாரென மெய்ப்பிப்பது மாலுமியின் கடமை. மெய்ப்பித்தவரை வரவேற்பது கரையின் கடமை. முதற்கடமை ஆண்டுக்காண்டு கூர்மை பெற்று வருகிறது. இரண்டாவதோ ஏட்டளவில் தேங்கி நிற்கிறது. பெருவணிக நாடான அமெரிக்கா இவ்விரு உடன்படிக்கைகளில் எதனையும் ஏற்கவில்லை. அங்கே கரையிறங்க இன்றும் விசா வேண்டும்.

நம் இல்லத்து உப்பும் எண்ணெயும் எரிபொருளும் எவரோ ஒருவர் கடலில் கழித்த இரவுகளின் பயனன்றோ? அட்டை அம்மனிதரின் முகத்தைக் காட்டும். அம்முகத்தில் ஓர் உடன்பிறப்பைக் காண்பது நம் பொறுப்பு.