துறுதுறுப் பிள்ளையும் 25 கேள்விகளும்

உறுவையாறுல ஒரு அம்மாகிட்ட 'பையன் எப்படி?'ன்னு கேட்டுப் பாருங்க. 'துறுதுறுன்னு இருப்பான்'னு சொல்வாங்க. அது புகார் இல்லை, பெருமை. லண்டன்ல உருவான ஒரு கேள்வித்தாள்ல அதே துறுதுறுப்பு 'சிரமம்'ங்கற கணக்குல சேர்ந்துடலாம்.

அந்தக் கேள்வித்தாளோட கதை கொஞ்சம் பழசு. 1960-கள்ல மைக்கேல் ரட்டரும் கூட்டாளிகளும் இங்கிலாந்தோட ஐல் ஆஃப் வைட் தீவுல பிள்ளைகளோட மனநலத்தை ஆராய்ஞ்சாங்க. பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள். அதுல சந்தேகம் வந்த பிள்ளைகளைத்தான் விரிவாப் பரிசோதிச்சாங்க. அந்த வழியில 1997-ல ராபர்ட் குட்மேன் எஸ்.டி.க்யூ.வை வெளியிட்டார். 25 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் மூணு பதில். அதுல அஞ்சு வாக்கியம் பிள்ளையோட நல்ல குணத்தைப் பத்தினது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதுதான். மிச்ச 20-க்கும் சேர்த்து அதிகபட்சம் 40 மதிப்பெண். பிரிட்டிஷ் பிள்ளைகள்ல சுமார் 10 சதவீதம் பேர் மேல்மட்டத்துல விழற மாதிரி கோடு போட்டாங்க.

தமிழ்ப் பதிப்பும் இருக்கு. வழக்கமான முறை, ஒருத்தர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்துவார். இங்கதான் எனக்கு உறுத்துது. 'அமைதியற்ற'ன்னு எழுதினா, படிச்ச ஆள் அதைச் சரியாத் திருப்பிடுவார். திண்ணையில உக்காந்திருக்கற பாட்டிக்கு அது புரியணுமே?

2000-ல வந்த ஒரு ஆய்வு, லண்டன், டாக்கா ரெண்டு ஊர் கிளினிக்லயும் இந்தக் கேள்வித்தாள் நல்லா வேலை செஞ்சதாக் காட்டுச்சு. நல்ல செய்திதான். ஆனா அவங்க ஏதோ பிரச்சினைன்னு ஏற்கெனவே கூட்டிட்டு வரப்பட்ட பிள்ளைங்க. வீடு வீடாப் போய்க் கேக்கறது வேற.

துறுதுறுப் பையனையாவது டீச்சர் கவனிச்சுடுவாங்க. யார்கூடவும் பேசாம மூலையில இருக்கற பொண்ணு? 'தனிமையை விரும்புவாளா?'ன்னு கேட்டா, 'அடக்கமான பொண்ணுங்க'ன்னு பதில் வரும். 'தெருவுல மத்த பிள்ளைங்க விளையாடும்போது இவளும் போவாளா?'ன்னு கேட்டாத்தான் அம்மா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

அதுக்காக ஆளாளுக்குக் கேள்வியை மாத்தவும் முடியாது, எஸ்.டி.க்யூ.வோட வாசகத்தை அனுமதி இல்லாமத் தொடக் கூடாது. ஆனா தாளைப் படிச்சுக் காட்டற நர்ஸ், புரியலைன்னா தன் பேச்சுல விளக்கத்தானே செய்வாங்க? வில்லியனூர்ல சொன்ன விளக்கம் ஒண்ணு, பாகூர்ல சொன்னது இன்னொண்ணுன்னா, ரெண்டு ஊர் மதிப்பெண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியாது.