கருப்பட்டி காய்ச்சுதல் (நெய்யாற்றின்கரை வட்டாரம்)

கருப்பட்டி காய்ச்சுதல் என்பது, குடித்தும் விற்றும் மீந்த பனை அக்கானியைப் புளிக்கும் முன்னே சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்கும் வீட்டுத்தொழில். திருவனந்தபுரம் மாவட்டத்தின் காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலும், களியக்காவிளைக்குக் கிழக்கே குமரி மாவட்டத்திலும் இத்தொழில் வேரூன்றியிருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை குறுக்கே விழுந்த பிறகும் பனையேறும் முறையும் காய்ச்சும் முறையும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன. கிறிஸ்தவ மறைப்பணியாளர் சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூலில் பனையேறிகளின் வாழ்க்கைக்கும் இடமுண்டு.

அக்கானி

பிற இடங்களில் பதநீர் எனப்படுவதே இங்கே அக்கானி. பனம்பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டுவர். சாற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சர்க்கரை. அது பெரும்பாலும் சுக்ரோஸ். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பிட்ட அக்கானியும் நெடுநேரம் தாங்காது. காலையில் இறக்கியதில் விலை போகாதது அன்று பகலிலேயே அடுப்பேற வேண்டும்.

காய்ச்சும் முறை

ஏறுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. காய்ச்சுவது பெண்கள் வேலை. அக்கானியை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் சருகும் விறகும் எரித்துக் காய்ச்சுவர். பொங்கி வழியாமலிருக்க நசுக்கிய ஆமணக்கு விதை சிறிது இடுவதுண்டு. பாதி சுண்டிய பாகு கூப்பனி. மேலும் இறுகியதும் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பர்; கையில் உருண்டால் பதம். இறக்கிக் கிளறி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். 1 கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேண்டும்.

புளித்த அக்கானியில் கருப்பட்டி வராது. அமிலம் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால், எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு மிகுந்தாலோ நிறம் கறுத்து, நாக்கில் உறுத்தும். ஆகவே கருப்பட்டியின் தரத்தில் பாதி, மரத்தின் மேலேயே கலயத்தில் முடிவாகிவிடுகிறது.

மால்ட்டோடு ஒப்பீடு

மீந்ததைக் காப்பதில், பீர் வடிப்போரிடம் மிஞ்சும் கருமால்ட்டின் கதை வேறு. பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தினால் மால்ட். அதை உருளையில் கறுக்க வறுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் டேனியல் வீலர் 1817-இல் காப்புரிமை பெற்றார். வறுபட்டதில் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அழிந்துவிடுவதால், அது நிறத்துக்கும் கசப்புக்கும் மட்டும் சிறிதளவே சேரும். மிச்சமானால் ஈரம் படாமல் மூடி வைத்து, அடுத்தடுத்த வடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தீர்க்கலாம். அக்கானிக்கு அந்த அவகாசம் இல்லை. பீரில் காய்ச்சிய பிறகு நொதிக்க விடுகிறார்கள். கருப்பட்டியில் நொதிக்காமல் தடுத்த பிறகே காய்ச்சுகிறார்கள்.

சட்டம்

கேரளத்தில் கள் இறக்கவும் விற்கவும் ஆப்காரிச் சட்டப்படி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. இவ்விரு சட்டங்களுக்கும் நடுவே, எல்லையின் இருபுறமும் மீந்த அக்கானியை மதிப்புக் குறையாமல் சேமிக்கக் கருப்பட்டி நேர்வழியாயிற்று.

பயன்பாடு

கருப்பட்டிக் காப்பி, சுக்குக் காப்பி, உளுந்தங்களி, கொழுக்கட்டை ஆகியவற்றில் கருப்பட்டி சேர்கிறது. ஈரத்தை எளிதில் இழுப்பதால், ஓலைப்பெட்டியில் இட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது பழைய வழக்கம்.

இன்றைய நிலை

பனையேறிகள் குறைந்ததும், சீனிப்பாகு கலந்த மலிவுக் கருப்பட்டி சந்தையை நிறைத்ததும் தொழிலை நலிவித்தன. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது கலப்படத்துக்கு எதிரான ஒரு பிடிமானம். ஆனால் குறியீடு மட்டும் அடுப்பை எரிக்காது. பாதுகாப்பாக மரமேற வழியும், கலப்பில்லாத கட்டிக்கு ஏற்ற விலையும், பதம் பார்க்கத் தெரிந்த பெண்களின் அறிவைப் பதிவுசெய்யும் முயற்சியும் சேர்ந்தால்தான் தொழில் நிலைக்கும்.